அரைக்கால் சுற்று

நாலாவது கொண்டை ஊசியில்
நாலாவது எலும்பு வலிக்கும் என்று எழுதினால்
அழகாகத்தான் இருக்கும்.
அப்படி வலிப்பதில்லை.
ஏற்காடு ஏறி இறங்கும்வரை
வாய் மூடிக் கிடந்துவிட்டு,
ஐந்து ரோடு சிக்னலில்
சிவப்பு விழுந்து வண்டி நின்று
கடலை விற்கிற பையன் கதவைத் தட்டும்போது
பெல்ட்டுக்கு மேலே, இடப்பக்கம்,
யாரோ ஸ்பேனர் வைத்துக்
கால் சுற்று திருகுவார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறை.
கவிழ்ந்து கிடக்கிறேன்.
நெற்றிக்கடியில் மடித்த பச்சைத் துணி,
அதில் பினாயில் வாசனை.
நஸ்ரின் கட்டைவிரலால் இறங்குகிறாள்.

"மேலே இருக்கிறது பெரிய தசைங்க, சார்.
இடுப்புலேருந்து கழுத்து வரைக்கும் ரெண்டு வடம்.
குனிஞ்ச ஆளை நிமிர்த்துறது இதுதான்."
கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில்
சதுரமாக ஒன்று இருக்கிறதாம்.
வளைவில் நான் சாயும்போது
பிடித்து நிறுத்துவது அது.
வயிற்றுக்குள்ளிருந்து தொடைக்கு இறங்குவது இன்னொன்று.
"நீங்க கிளட்ச் மிதிக்கக் காலைத் தூக்குறப்பல்லாம்
முதுகை முன்னால இழுக்கிறது அதுதான்."

ஒரு நடைக்கு நானூறு கிளட்ச்.
நாளைக்கு நாலு நடை.
இருபத்திரண்டு வருஷம்.
பெருக்காமல் விட்டுவிட்டேன்.

விரல் இப்போது எலும்பை ஒட்டி, இன்னும் ஆழத்தில்.
"இங்க குட்டித் தசை ஒண்ணு இருக்கு.
எலும்புக்கு எலும்பு முடிச்சுப் போட்ட மாதிரி.
கையை அசைக்கணும்னு நினைச்சாலே போதும்,
கை அசையுறதுக்கு முன்னாடி இது இறுகிடணும்.
உங்களுக்கு லேட்டா வருது."

லேட் என்ற சொல்லுக்கு
டெப்போவில் இரண்டு மெமோ வாங்கியவன் நான்.
இது மூன்றாவது.

வலி வந்தால் அது தூங்கிப்போகுமாம்.
வலி போனாலும் தானாக எழுந்திருக்காதாம்.
வெளியே இருக்கிற பெரியவை பதறிப்போய்
அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும்.
அந்தப் பதற்றத்துக்குத்தான்
பிடிப்பு என்று பெயர் வைத்து
இத்தனை நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏற்காடு ஸ்டாண்டில், வண்டிக்குப் பின்னால்,
சாக்கு விரித்து நாலு காலில் நிற்கிறேன்.
வலது கை முன்னால், இடது கால் பின்னால்,
பத்து எண்ண வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது.
"எருமைச் சவாரிக்கு டிக்கெட் கிழிக்கட்டுமாண்ணே?"
கண்டக்டர் மாதையன்.
ஏழு எண்ணும்போது குரங்கு ஒன்று
என் டிபன் டப்பாவைத் திறந்தது.
எட்டு.
ஒன்பது.
எலுமிச்சை சாதத்தில் கடலையை மட்டும் பொறுக்கியது.
பத்து.

மூன்று வாரம் ஆயிற்று.
விரலடியில் ஒன்றும் தட்டுப்படவில்லை.
"வரும்," என்கிறாள் நஸ்ரின்,
பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

மார்கழி. முதல் நடை. பதினேழாவது வளைவு.
பனிமூட்டத்தில் ரோட்டுக்குக் குறுக்கே
காட்டெருமை.
எல்லாரும் எழுந்து செல்போனைத் தூக்கினார்கள்.
நான் அதன் முதுகைப் பார்த்தேன்.
தோளிலிருந்து பாதி முதுகு வரை ஒரு மேடு,
ஈரத்தில் மினுங்கிற்று.
ஈ உட்கார்ந்த இடத்தில் தோல் ஒருமுறை சிலிர்த்தது.
பிறகு அது போக நினைத்தது.
நினைத்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால்
கால் எடுப்பதற்கு முன்பே மேடு அசைந்தது.
முதலில் முதுகு.
அப்புறம்தான் கால்.

"பார்த்தியா மாதையா?"
"கொம்பாண்ணே? ஆத்தாடி, எம்மாம் பெருசு!"

ஸ்டியரிங்கை ஒடித்தேன்.
உள்ளே ஏதோ எனக்கு முன்னால் இறுகிற்றா?
சத்தியம் பண்ண மாட்டேன்.
ஆளே இல்லாத வீட்டில்
லைட் எரிந்து அணைந்த மாதிரி இருந்தது.

ஐந்து ரோடு. சிவப்பு.
இடுப்புக் குழிவில் சுருட்டிவைத்த துண்டு.
கடலைப் பையன் வந்தான்.
ஸ்பேனரும் வந்தது,
அரைக்கால் சுற்றில் நின்றது.
மிச்சத்துக்குக் காத்திருந்தேன்.
பின்னால் மினி லாரிக்காரன் ஹாரன் அடித்தான்,
பச்சை எப்போதோ விழுந்திருந்தது.